ஆய்வுகூடத்தில் ஒரு வாய்

கிளிநொச்சியானாலும் முல்லைத்தீவானாலும், நெஞ்சுவலிக்காரருக்குக் கிளினிக்கில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: இந்தக் குளிசையை விழுங்க வேண்டாம், நாக்குக்குக் கீழே வையுங்கள். ஏன் என்று விளக்க அந்த வரிசையில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

காரணம் கல்லீரல். கிளிசரில் டிரைநைட்ரேட் என்ற அந்த மருந்தை விழுங்கினால், அது குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் அடியிலுள்ள மென்சவ்வு வழியாக இறங்கினால், கல்லீரலைச் சந்திக்காமலே இதயத்துக்குத் திரும்பும் குருதியில் கலந்துவிடும். வில்லியம் மறெல் என்ற ஆங்கில மருத்துவர் 1879இல் இந்த மருந்தை நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்; இன்றும் அதற்கு வேலை இருக்கிறது.

ஆனால் அதற்குக் குளிசை முதலில் வாயில் கரைய வேண்டும். அது கரையும் என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

சாதாரணக் குளிசைகளுக்கான கருவி எளிமையானது. அடியில் கம்பிவலை வைத்த ஆறு கண்ணாடிக் குழாய்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு குளிசை. 37 பாகை செல்சியஸ் நீரில் அந்தக் கூடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 தடவை ஏறி இறங்கும். வலையில் மென்மையான கூழைத் தவிர எதுவும் மிஞ்சாத நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். இதில் தெரிவது குளிசை உடைந்தது என்பது மட்டுமே. உடைந்த துகள்கள் மணல்போல அடியில் கிடக்கலாம். மருந்து நீருக்குள் போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்கு வேறு சோதனை: உருண்டை அடிகொண்ட பாத்திரத்தில் துடுப்பு ஒன்று நிமிடத்துக்கு 50 சுற்று என்ற அளவில் மெதுவாகச் சுழல, இடையிடையே நீரை எடுத்து அதிலுள்ள மருந்தை அளப்பார்கள்.

அந்தப் பாத்திரத்தில் பெரும்பாலும் 900 மில்லிலீட்டர் திரவம் இருக்கும். நம் வாயிலோ ஒரு நேரத்தில் சுமார் ஒரு மில்லிலீட்டர் உமிழ்நீர்தான். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு அரை மில்லிலீட்டர்கூடப் புதிதாகச் சுரப்பதில்லை. (வெற்றிலை மெல்லும்போது கதை வேறு.) இரைப்பைக்குப் பொருந்தும் சோதனை, வாய்க்கு வரும்போது குளிசைக்குப் பரிந்து பேசுகிறது என்பேன்.

அதனால் வாயில் கரையும் குளிசைகளை உருவாக்குவோர் சிறிய சோதனைகளை நாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது நனைவுச் சோதனை. தட்டையான சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் டிஷூ தாளை மடித்து வைத்து, சாயம் கலந்த நீரைச் சில மில்லிலீட்டர் மட்டும் ஊற்றி, தாளின்மேல் குளிசையை வைப்பார்கள். சாயம் அடியிலிருந்து ஏறும். முதலில் விளிம்பில் ஒரு நிறக்கோடு, பிறகு மேற்பரப்பில் புள்ளிகள், கடைசியில் வெள்ளைத் திட்டு ஒன்றும் இல்லை. நல்ல குளிசையில் இது செக்கன்களில் முடிந்துவிடும். புதுக்குடியிருப்பில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது.

நீரை மேலே இழுப்பவை குளிசைக்குள் உள்ள நுண்துளைகள். அவற்றோடு குரொஸ்போவிடோன் போன்ற பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. நீர் பட்டதும் விரிந்து குளிசையை உள்ளிருந்தே பிளப்பது அவற்றின் வேலை. அதே வேலைக்குச் சேர்க்கும் இன்னொரு பொருளான சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் வீங்கிப் பிளக்கும். அளவு மிஞ்சினால் பசையாகி, நீர் போகும் வழியையே அடைத்துவிடும். குளிசையை இறுக்கி அழுத்தினால் துளைகள் மூடிவிடுகின்றன. தளர விட்டால் குளிசை உதிர்கிறது. இதற்கும் சோதனை உண்டு: உருளையில் போட்டு 100 தடவை சுழற்றினால் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. எங்கள் கிரவல் வீதிகளில் ஓடும் லொறியையும் இந்தச் சோதனையில் சேர்த்திருக்கலாம்.

எவ்வளவு வேகம் போதும்? வாயில் சிதையும் குளிசைக்கு மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய நூல் 3 நிமிடம் தருகிறது. அமெரிக்க வழிகாட்டலில் அது ஏறத்தாழ 30 செக்கன்.

கடைசியில் மனித நாக்கு வேண்டும். தன்னார்வலர்கள் குளிசையை நாக்கில் வைத்து, கரைந்ததும் துப்பி, வாய் கொப்பளித்து, கசப்பையும் துகளின் உறுத்தலையும் சொல்வார்கள். மனிற்றோல் என்ற இனிப்புப் பொருளைக் குளிசையில் சேர்த்தால் வாய் குளிரும். அது கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதே காரணம். ஆனால் இப்படிச் சோதனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமான இளையவர்கள், ஈரமான வாய்க்காரர்கள். சித்திரை வெயிலில் வயலில் நின்ற அறுபது வயதுக்காரர், அதிலும் வாயை உலர்த்தும் மாத்திரை எடுப்பவர், அந்தக் கணக்கில் அகப்படுவதில்லை. அவருக்குக் குளிசை நாக்கடியில் கல்லாகவே கிடக்கலாம். அதனால்தான் வாய் வறண்டிருந்தால் ஒரு மிடறு நீரால் நனைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் காற்று. உமிழ்நீரை விரைந்து உறிஞ்சும் பொருள் மாரிகாலத்து ஈரத்தையும் உறிஞ்சும். வெப்ப ஈர நாடுகளுக்கான குளிசைகளை 30 பாகையிலும் 75 சதவீத ஈரப்பதனிலும் மாதக்கணக்கில் வைத்து, மறுபடியும் இதே சோதனைகளைச் செய்வது இதற்காகத்தான். அப்போதும் அவற்றை வைப்பது அவற்றின் உறையிலேயே. உறையிலிருந்து பிரித்துக் காகிதப் பையில் போட்ட குளிசைக்கு அந்த முடிவுகள் பொருந்தா. கிளிசரில் டிரைநைட்ரேட் இன்னும் மோசம், அது குளிசையிலிருந்தே ஆவியாகிறது, பிளாஸ்டிக்கிலும் ஊறிப்போகிறது. அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, மூடி இறுக்கி, வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும்.