ஒளிவாளின் பூர்வீகம்: ஒரு சினிமா சாமானின் மூலப்பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி?

1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் கையில் இருக்கும் ஒளிவாளின் பிடி, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கிராஃப்ளெக்ஸ் கம்பெனி செய்த கேமரா ஃப்ளாஷின் கைப்பிடி. செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் அதை லண்டனில் ஒரு போட்டோ சாமான் கடையில் வாங்கினார். அதே படத்தில் வரும் ஓபி-வான் கெனோபியின் வாள் இன்னும் சிக்கலானது. முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ரைஃபிள் கிரனேட் (ரைஃபிள் வழியே ஏவும் எறிகுண்டு), ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வெண்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்த் துண்டு, விமானங்களில் பொருத்திய பிரவுனிங் எந்திரத் துப்பாக்கியின் முனைப்பாகம், ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் குளியலறைக் குழாயின் திருகுப்பிடி, இத்தனையும் சேர்ந்து ஒரு வாளாயின. ரசிகர்கள் கையில் இருந்ததெல்லாம் புகைப்படங்கள்தான். அவற்றை வைத்துப் பல ஆண்டுகளில் ஒவ்வொரு துண்டாக அடையாளம் கண்டார்கள்.

இந்த வேலை கொங்கு நாட்டுப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. கோவை ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ லேத் போட்டிருப்பவரிடம் டிராயிங் இல்லாத உடைந்த பாகம் ஒன்று வந்தால் அவர் என்ன செய்வாரோ, அதையேதான் இவர்களும் செய்தார்கள். ஒரே வித்தியாசம், பாகம் கையில் இல்லை, படத்தில் இருக்கிறது.

முதலில் புகைப்படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடும் சினிமாவிலிருந்து எடுத்த ஃபிரேமை நம்பிப் பயனில்லை. விநாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும்போது ஒவ்வொன்றும் சுமார் 48இல் ஒரு பங்கு விநாடி ஒளி வாங்குகிறது. கை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தாலும் அந்த நேரத்துக்குள் பொருள் 21 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். திருகுப்பிடியின் பற்கள் அந்த மங்கலில் கரைந்துபோகும். படப்பிடிப்புத் தளத்தில் நிற்க வைத்து எடுத்த விளம்பரப் படங்களைத்தான் தேட வேண்டும்.

நல்ல படம் கிடைத்ததும் அளக்கத் தொடங்குவது தவறு. முதலில் எண்ண வேண்டும். லென்ஸ் நீளத்தைக் கெடுக்கும், கோணத்தைக் கெடுக்கும், எண்ணிக்கையைக் கெடுக்காது. எத்தனை வளையங்கள், எத்தனை துளைகள், திருகுப்பிடியைச் சுற்றி எத்தனை வரிப்பள்ளங்கள்? பாதிச் சுற்று தெரிந்தால் போதும். ஒப்பிட வந்த பாகத்தில் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அது வேறு மாடல். மற்ற எல்லாம் அச்சாகப் பொருந்தினாலும் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்து விகிதம். கேமராவுக்கு நேராகக் கிடக்கும் உருளை அரிது. பெரும்பாலும் சாய்ந்திருக்கும், அதனால் நீளம் குறைந்து தெரியும். சாய்வைக் கண்டுபிடிக்க உருளையின் வட்டமான முனையே போதும், சாய்ந்த வட்டம் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். அதன் குறுக்களவை நெட்டளவால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் கிடைக்கும். முனை 152 பிக்சல் உயரம், 52 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 52ஐ 152ஆல் வகுத்தால் 0.342, அதாவது 20 டிகிரி. 20 டிகிரியின் கோசைன் 0.94. படத்தில் நீளம் 1072 பிக்சல் என்றால் உண்மையில் 1140 இருந்திருக்க வேண்டும். விட்டத்தைப் போல ஏழரை மடங்கு நீளம். விட்டம் 38 மில்லிமீட்டர் என்று தெரிந்துவிட்டால் நீளம் 285.

இந்தக் கணக்கு காலை வாருவது கேமரா மிக அருகில் இருக்கும்போது. ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள பொருளின் ஒரு முனை 10 சென்டிமீட்டர் முன்னால் நீட்டியிருந்தால் அந்த முனை 11 சதவீதம் பெரிதாகத் தெரியும். நான்கு மீட்டர் தூரத்தில் அதே பிழை மூன்று சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தூரத்திலிருந்து எடுத்த படம் சிறியதாக இருந்தாலும் நம்பகமானது.

விகிதம் கிடைத்தாலும் மில்லிமீட்டர் கிடைக்கவில்லையே? அதற்குப் பொருளின் பழைய வேலையைக் கேட்க வேண்டும். கிராஃப்ளெக்ஸ் பிடிக்குள் மூன்று பெரிய டார்ச் செல்கள் போகும். டி அளவுச் செல்லின் விட்டம் அதிகபட்சம் 34.2 மில்லிமீட்டர், உயரம் 61.5. ஆகவே குழாயின் உள்விட்டம் 34.2ஐவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாக வேண்டும். செல்களுக்கு மட்டுமே 184.5 மில்லிமீட்டர் நீளம் வேண்டும், அதற்கு மேல் ஸ்பிரிங்கும் மூடியும். டேப் வைக்காமலே அளவு கிடைத்துவிட்டது. இந்தத் துறையில் இதைவிட உறுதியான அளவுகோல் இல்லை என்பேன்.

சினிமா எங்கே எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். ஸ்டார் வார்ஸின் தளக் காட்சிகள் லண்டனுக்கு அருகில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டன. காசு குறைவு என்பதால் விமானக் காயலான் சாமான்களை மொத்தமாக வாங்கினார்கள். டெர்வெண்ட் எஞ்சின் கிளாஸ்டர் மீட்டியர் போர் விமானத்தில் இருந்தது. அதில் ஒரே பெரிய எரி அறைக்குப் பதிலாகச் சுற்றிலும் தனித்தனி எரிகலன்கள். அவற்றைக் குழாய்கள் இணைக்கும். ஒன்றிரண்டு கலன்களில் மட்டும் தீப்பொறி வைத்தால் போதும், தீ குழாய் வழியே அடுத்த கலனுக்குத் தாவும், அழுத்தமும் சமனாகும். இந்த எஞ்சின் பிரிந்து கிடந்தபோது ஒரு குழாய் வாளுக்குப் போனது. எரிகலன்கள் மதுக்கடைக் காட்சியில் பானம் ஊற்றும் எந்திரங்களாக நின்றன. 1980இல் வந்த அடுத்த படத்தில் ஐஜி-88 என்ற ரோபோவின் தலையும் அதே எரிகலன்தான். ஒரு துண்டின் ஊர் தெரிந்ததும் மற்றவற்றையும் அதே குவியலில் தேடலாம் என்று புரிந்தது.

ஊரைக் காட்டும் இன்னொரு சாட்சி மரை. பிரிட்டிஷ் முறையான விட்வொர்த்தில் அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க முறையான யுஎன்சியில் 13. தெளிவான படத்தில் இதை எண்ணிவிடலாம். ஆனால் பைப் மரையில் இந்த வழி செல்லாது. அரை அங்குல பிரிட்டிஷ் பைப் மரையான பிஎஸ்பியிலும் அமெரிக்க பைப் மரையான என்பிடியிலும் 14தான். என்பிடி கூம்பாகக் குறுகும், மரைக் கோணம் 60 டிகிரி, பிஎஸ்பியில் 55. கையில் மரை அளக்கும் பிட்ச் கேஜ் இல்லாமல் முடிவு சொல்லக் கூடாது.

ஒருவழியாக ஒரு பாகம் காயலான் கடையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் ஏமாறும் வாய்ப்பு அதிகம். பிரபலமான சாமான்களுக்கு நகல்கள் நிறைய உண்டு. அசலையே பேட்டர்னாக (அச்செடுக்கும் மாதிரியாக) வைத்து மணலில் அச்செடுத்து அலுமினியம் ஊற்றிய நகலை ஃபவுண்டரிக்காரர் உடனே பிடித்துவிடுவார். அலுமினியம் உறைந்து ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 13 மில்லிமீட்டர் சுருங்கும், வார்ப்பிரும்பு சுமார் 10. பேட்டர்ன் செய்பவர் இதைக் கூட்டித்தான் செய்வார், நகலெடுப்பவர் கூட்டுவதில்லை. 50 மில்லிமீட்டர் திருகுப்பிடியின் நகல் 49.35 வரும். நகலின் நகல் 48.7. வெர்னியர் வைத்தால் எந்தத் தலைமுறை என்பதே தெரியும்.

உலோகத்தைச் சோதிக்க அறுக்க வேண்டாம். நூலில் கட்டி காற்றில் ஒரு எடை, தண்ணீரில் முழுக்கி ஒரு எடை. 270 கிராம் பொருள் தண்ணீரில் 100 கிராம் குறைந்தால் அடர்த்தி 2.7, அலுமினியம். 6.6 வந்தால் துத்தநாக டைகாஸ்ட், 7.8 எஃகு, 8.5 பக்கம் வந்தால் பித்தளை. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் கணக்கு பொய்க்கும், மூடிகளைக் கழற்றிவிட்டு முக்கவும். முலாம் தேய்ந்த ஓரத்தைச் சுரண்டாமல் லென்ஸில் பாருங்கள். கிராஃப்ளெக்ஸ் குழாயில் அங்கே பித்தளை மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

கொங்குநாட்டுக்கும் ஸ்டார் வார்ஸ் போன்ற கற்பனைப் படங்களில் பங்குண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 1952இல் எடுத்த படத்தில் மயிர் போர்த்திய யானைகள் மாமூத் என்ற அழிந்துபோன யானை இனமாக வந்தன. இந்தப் பக்கம் செய்த சினிமா சாமான்களை ஆராய்பவர் ஜெட் எஞ்சின் கேட்டலாக்கைப் புரட்ட வேண்டியதில்லை. நூற்பாலையின் ரிங் ஃபிரேம் ஸ்பிண்டில், மில் பாபின், மோனோபிளாக் பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் என்று தொடங்கலாம். இம்பெல்லரில் இறக்கைகளை எண்ணி, வளைவு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டால் மாடலைப் பாதி நெருங்கிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. காயலான் குவியலில் ரைஃபிள் கிரனேட், ஷெல் போன்ற வடிவம் தென்பட்டால் தொடாதீர்கள், மரையைத் திருப்பிப் பார்க்காதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். வெடிமருந்து காலியா என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மற்ற எந்தப் பாகமானாலும் பாலிஷ் போடுவதற்கு முன் இரண்டு முனைகளையும் ஸ்கேல் வைத்துப் படமெடுத்துவிடுங்கள். உற்பத்தி எண்ணும் இன்ஸ்பெக்ஷன் முத்திரையும் பெரும்பாலும் லேசாகத்தான் பதிந்திருக்கும், பஃபிங் சக்கரம் ஒருமுறை பட்டால் போய்விடும்.