விடையைப் பார்ப்பதற்கு முன் ஊகத்தை எழுதுங்கள்

சூத்திரம் தெரியாமல் திணறும் மாணவர்களைவிட, சூத்திரம் தலைகீழ்ப் பாடமாக இருந்தும் திணறுகிறவர்களையே இயற்பியல் வகுப்பில் அதிகம் பார்க்கிறேன். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். குளத்தில் ஒரு படகு. படகில் ஒரு பாறாங்கல். கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, மாறாமல் இருக்குமா என்று கேட்டால் அதே வகுப்பு மூன்று கட்சியாகப் பிரிந்துவிடும். ‘ஏறும்’ கட்சிக்குத்தான் ஆள்பலம் அதிகம்.

இந்த இடத்தில் நான் சூத்திரத்துக்குப் போவதில்லை. கல்லை மாற்றச் சொல்வேன். கடுகளவே பெரிதான, ஆனால் ஒரு டன் எடையுள்ள கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பொருள் கிடைக்காது, பரவாயில்லை. அது படகில் இருக்கும்வரை, படகு அதைச் சுமக்க ஒரு டன் தண்ணீரை விலக்கியாக வேண்டும். குளத்தில் போட்டதும் அது விலக்குவது ஒரு கடுகளவுத் தண்ணீர்தான். நீர்மட்டம் இறங்கும் என்பதற்கு அதற்குமேல் வாதம் தேவையில்லை. பிறகு நிஜக் கல்லுக்குத் திரும்பலாம். 50 கிலோ கல், பருமன் 20 லிட்டர். படகில் இருந்தபோது அதன் பொருட்டு விலகியது 50 லிட்டர். அடியில் மூழ்கிக் கிடக்கும்போது 20 லிட்டர். வித்தியாசம் 30 லிட்டர். மிதக்கும் பொருள் தன் எடைக்கும், மூழ்கிய பொருள் தன் பருமனுக்கும் சமமான நீரை விலக்குகிறது என்பது ஒப்பித்தவர்களுக்கும் தெரிந்ததுதான். இரண்டும் வேறுவேறு என்று உறைப்பது இப்போதுதான்.

புதிர்க் கணக்குகளில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அறியாமை அல்ல; கேட்கப்பட்ட கேள்விக்குப் பதிலாக நம் மனம் சத்தமில்லாமல் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவதுதான். பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு. நீளம் சுமார் 40,000 கிலோமீட்டர். அதனுடன் ஒரே ஒரு மீட்டரைச் சேர்த்து, எல்லா இடத்திலும் சமமாகத் தூக்கி நிறுத்தினால் தரைக்கும் கயிற்றுக்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு தாள்கூட நுழையாது என்பார்கள். உண்மையில் ஏறத்தாழ 16 செண்டிமீட்டர். கால்பந்தைச் சுற்றிய கயிற்றில் ஒரு மீட்டர் சேர்த்தாலும் அதே 16 தான். மனம் ஒரு மீட்டரை 40,000 கிலோமீட்டரோடு ஒப்பிட்டு, விகிதத்தைக் கணக்கிட்டுவிட்டது. கேள்வியோ வித்தியாசத்தைப் பற்றியது. ஒரு மீட்டரை 2π ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். ஆரம் கணக்கிலேயே வராது. நம்பிக்கை வராதவர்கள் வட்டத்தை விட்டுவிட்டுச் சதுரத்தை எடுங்கள். சுற்றிலும் d இடைவெளி விட்டுக் கயிறு கட்டினால் கூடுதல் நீளம் 8d. அதெல்லாம் நான்கு மூலைகளில் சேர்வது. பக்கம் எவ்வளவு நீண்டாலும் மூலை நான்குதான்.

கேள்வியின் நிபந்தனையைச் சரியாகப் படிக்காததால் வந்த வம்புகளில் பெயர்பெற்றது மாண்டி ஹால் புதிர். மூன்று கதவுகள், ஒன்றின் பின்னே கார், மற்ற இரண்டின் பின்னே ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே என்று அறிந்த தொகுப்பாளர், மீதி இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்கிறார். 1990-இல் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் மர்லின் வோஸ் சவாந்த் தம் பத்திரிகைப் பத்தியில், மாற்றினால் வெற்றி வாய்ப்பு 2/3 என்று சரியாக எழுதினார். மறுத்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் முனைவர் பட்டம் பெற்ற கணிதப் பேராசிரியர்களும் உண்டு. பால் எர்தோஷ் போன்ற கணித மேதைகூடக் கணினியில் மீண்டும் மீண்டும் ஓட்டிக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டாராம். 100 கதவுகள் என்று வைத்து, தொகுப்பாளர் 98 ஆட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார் என்றால் மாற்றத் தயங்குவீர்களா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொகுப்பாளருக்கும் கார் இருக்குமிடம் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு திறந்ததில் ஆடு வந்தது என்றால், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் 1/2 தான். காட்சி ஒன்றே, விடை வேறு. ‘அறிந்த’ என்ற ஒரு சொல்லில் முழுக் கணக்கும் தொங்குகிறது.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் சொல்ல விரும்புவது இதைத்தான். இன்று கேள்வியைப் படம் எடுத்தால் கைப்பேசி படிப்படியாக விடை தந்துவிடுகிறது. படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரியும். அந்தப் புரிதல்தான் ஆபத்தானது. தன் ஊகம் எங்கே சறுக்கியது என்று பார்க்க, படிக்கும் மாணவனிடம் ஊகமே இல்லை. ஆகவே விடையைத் திறக்கும் முன் ஏறும், இறங்கும் என்று ஏதாவது ஒன்றைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள். கூடவே ஏன் என்று ஒரு வரி. தவறான ஊகத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். குறைத்தால் யாரும் நேர்மையாக எழுதமாட்டார்கள்.

ஒன்றை இப்போதே எழுதிப் பாருங்கள். 60 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துவிட்டீர்கள். போய்வந்த பயணம் முழுவதற்கும் சராசரி வேகம் 60 ஆக வேண்டும். திரும்பும் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? 90 என்று எழுதியிருந்தால், முழுப் பயணத்துக்கும் எத்தனை மணி நேரம் அனுமதி, அதில் போகும்போதே எவ்வளவு செலவாகிவிட்டது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.