மூன்றாவது வரியில் நின்றுபோன நிறுவல்

மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் தொழில். சனிக்கிழமைகளில் ஹட்டனில், உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலருக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றுக்கு நான் தமிழில் எழுதிச் சேர்த்திருந்த நிறுவல் குறிப்பைக் கொடுத்து, "வீட்டில் செய்துபார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினேன். இரவே தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவியின் அழைப்பு.

"சார், மூணாவது வரியிலேயே நிக்குது."

மூன்றாவது வரி 'பிப் இன்ஸ்டோல்', பைதன் நிரல்மொழியின் பொதிகளை நிறுவும் கட்டளை. என் பழைய உபுண்டு இயங்குதளத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். அவளுடையது 24.04. உபுண்டு 23.04 முதற்கொண்டே, கணினியின் சொந்தப் பைதனில் 'பிப்' கைவைக்க விடுவதில்லை. தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள்தான் நிறுவ வேண்டும். அந்தச் சூழலை உருவாக்கும் 'வென்வ்' பொதியையும் பெரும்பாலும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். நான் எழுதாமல் விட்டது இரண்டே வரி. அதைத் தேடியே அவளுடைய டேட்டா தீர்ந்துபோயிருந்தது.

திருத்தத்தை நானே போட்டிருக்கலாம். ஆனால் எங்கே தடுக்கியது என்று தெரிந்தவள் அவள்தான்; எனக்கு அந்த இடத்தில் கால் பழகிவிட்டது. "நீயே எழுது" என்றேன். "எனக்குக் கோடிங்கே சரியா வராதே சார்" என்றாள். கோடிங் தெரியாமலே திறந்த மூலத்துக்குள் நுழையக்கூடிய வாசல், இப்படி ஆவணம் எழுதுவதுதான். இதைப் பலர் அறிவதில்லை.

சிக்னல் வந்து வந்து போகும் தோட்டத்து லயன் வீட்டில் இருந்துகொண்டும் இதைச் செய்யலாம். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியால் திட்டத்தின் கோப்புக் களஞ்சியத்தை இறக்கும்போது 'டெப்த் 1' என்று சேர்த்தால் பழைய வரலாறு முழுவதும் வராது, டேட்டா மிச்சம். மாற்றத்தைக் கணினியில் பதியும் 'கொமிட்' செய்ய இணையமே வேண்டாம். சிக்னல் கிடைக்கும்போது 'புஷ்' செய்து அனுப்பினால் போதும். அந்த மென்பொருளின் ஆவணத்தளம், மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளை வலைப்பக்கமாக்கும் எம்கேடொக்ஸில் அமைந்தது. 'எம்கேடொக்ஸ் சேர்வ்' கட்டளை கொடுத்தால் பக்கம் உங்கள் கணினியிலேயே 8000ஆம் போர்ட்டில் திறக்கும், கோப்பைச் சேமித்ததும் தானாகவே மாறும். புதிதாக ஆவணத்தளம் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: யமல் அமைப்புக் கோப்பில் உள்தள்ளலுக்கு டாப் விசையை அழுத்தாதீர்கள், ஸ்பேஸ் மட்டும்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதில் நான் ஒரு மத்தியானத்தையே தொலைத்திருக்கிறேன்.

அப்புறம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. வகுப்பில் ஒரு தம்பி ஒரு பக்கம் முழுவதையும் பாமினியில் தட்டி மார்க்டவுன் கோப்பில் ஒட்டிவிட்டான். திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் கொட்டிக்கிடந்தன. அச்சகத்துக்கு அது பழகியதாக இருக்கலாம், இங்கே யூனிகோட் இல்லாமல் நடக்காது. ஸ்கிரீன்ஷொட்டையும் குறையுங்கள், கட்டளையைப் படமாகப் போட்டால் யாராலும் பிரதியெடுக்க முடியாது.

தலவாக்கலைத் தங்கச்சி இரண்டு வரியை மட்டும் சேர்த்து, திருத்தத்தை ஏற்கக் கேட்கும் 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்பினாள். பராமரிப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எந்த உபுண்டுப் பதிப்பு? பதிப்பு எண்ணைச் சேர்த்தாள், ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை இன்னொருவன் ஐந்தாவது வரியில் நின்றான். அவனிடமும் கீபோர்ட்டைத் தள்ளிவைத்தேன்.