இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறதா?

"பிரேக் கொஞ்சம் இறங்குது, ரெண்டு மிதி மிதிச்சா சரியாயிடும்." பழுது பார்க்க என்னிடம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கடைசியில்தான் சொல்வார்கள். முதலில் ஏசி குளிர்ச்சி போதவில்லை, கதவில் சத்தம் வருகிறது என்பார்கள். அப்புறம் போகிற போக்கில் இது வரும். மற்றதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நான் முதலில் தொடுவது இதைத்தான். இரண்டாவது மிதிக்கு அவகாசம் இருக்கிற இடத்தில் யாரும் அவசர பிரேக் போடுவதில்லையே.

பெடல் சாஃப்ட் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், காலுக்கு அது மூன்று விதமாகத் தெரியும். ஸ்பாஞ்சை அமுக்குவது போல அமுங்கி, மிதிக்க மிதிக்க மேலே வருவது ஒன்று. பாதி தூரம் வெறுமனே போய், அதற்குப் பிறகு கல் மாதிரி நிற்பது இன்னொன்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போவது மூன்றாவது. எந்த விதம் என்று பார்க்காமல் "ஏர் எடுத்தால் போதும்" என்று, அதாவது பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினால் தீரும் என்று, ஸ்பேனரைத் தூக்குவதுதான் எங்கள் தொழிலில் அதிகம் நடக்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, வண்டி உருளாதபடி சக்கரத்துக்கு முட்டு வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதித்தால் காலின் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் கெட்டியாகும். அப்படியே மிதித்த காலோடு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போகும். பலர் இதைப் பார்த்தே பயந்துவிடுகிறார்கள். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான். பூஸ்டர் கெட்டால் பெடல் இறுகும், சாஃப்ட் ஆகாது.

இனி மிதமாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். இறங்கிக்கொண்டே போனால் எங்கோ பிரேக் ஆயில் கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, அழுத்தம் பின்பக்கமாக நழுவுகிறது. பலமாக மிதித்தால் அந்த ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் லேசான அழுத்தத்திலும் ஒரு தடவை பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது மெல்ல நழுவுகிற பெடல் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

ஒரு வண்டியில் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. நான்கு சக்கரத்திலும் ஈரம் இல்லை, நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும் பின்பக்க சீல் வழியாக பூஸ்டருக்குள் இறங்கிய ஆயில் அங்கே தேங்கிக் கிடந்தது. அந்த உரிமையாளர் ஒவ்வொரு முறையும் ஊற்றி நிரப்பிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பேடுகள் தேய்ந்தாலும் ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் காரணம் பார்க்காமல் நிரப்புகிற ஒவ்வொரு தடவையும் ஓர் எச்சரிக்கையை அழிக்கிறோம்.

பாதி தூரம் போய்க் கெட்டியாகிற பெடலுக்கு, பின்னால் டிரம் பிரேக் (சுழலும் டிரம்முக்குள் ஷூ என்ற பட்டைகள் விரிந்து பிடிக்கும் வகை) இருக்கிற வண்டியாக இருந்தால் கைபிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துவிட்டு மிதியுங்கள். பெடல் மேலேயே நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் தீரும். அதற்குப் போய் ஒரு நாள் முழுக்க ஏர் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால்தான் காற்று. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் மிதிக்கிற பலம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். ஆயிலில் கலந்த தண்ணீரும் சூடேறினால் இதே வேலையைச் செய்யும். டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155தான். மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது பேடுகளை அழுத்தும் காலிப்பர் சூடேறி, ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். மேலே ஏறும்போது நன்றாக இருந்த பெடல் இறங்கும்போது தரையைத் தொடும். ஆறியதும் மறுபடி ஒழுங்காகிவிடுவதால், கடையில் காட்டும்போது குற்றம் சொல்ல ஒன்றுமே இருக்காது. பல தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஏர் எடுப்பதில் சில விஷயங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பக்கம் காற்று வெளியேற இருக்கும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். மேலே இருக்கும் ஆயில் டப்பா காலியாக விடாதீர்கள், செய்த வேலை எல்லாம் வீண். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்கவும் கூடாது. வழக்கமாகப் போகாத பகுதியில் சிலிண்டர் சுவர் துருப்பிடித்திருக்கும், ரப்பர் அங்கே போய்க் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்வது என் பழக்கம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். சில ஏபிஎஸ் வண்டிகளில் ஸ்கேனர் இணைத்து உள் பம்பை ஓட்டினால்தான் காற்று முழுதாக வரும்.

இவ்வளவும் செய்தும் பெடல் வராத ஒரு வண்டி என்னிடம் வந்தது. வேறிடத்தில் இரண்டு முன் காலிப்பரும் புதிதாகப் போட்டிருந்தார்கள். மாஸ்டர் சிலிண்டரும் மாற்றியாயிற்று. குனிந்து பார்த்தேன்: நிப்பிள் காலிப்பருக்கு அடியில் இருந்தது. இடது வலது மாறிப் பொருத்திவிட்டார்கள். காற்று மேலே தங்கும், வழியோ கீழே. பத்து லிட்டர் ஊற்றினாலும் வெளியேறாது. இரண்டையும் இடம் மாற்றி, ஏர் எடுத்ததும் பெடல் மேலே வந்து நின்றது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரு குறையும் இருந்திருக்காது என்பதை உரிமையாளரிடம் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது.