ஈரோடு: 3 எழுத்தா, 5 எழுத்தா, 15 எழுத்தா?

"ஏனுங்ணா, புள்ளி வெச்சா வரிசையா பேரு வந்து நிக்கணுமில்லீங்? தமிழ்ல பேரு வெச்ச வரில மட்டும் வர மாட்டேங்குது. இங்கிலீஷ் வரில ஒழுங்கா வருதுங். சில சமயம் எல்லாமே படுத்துக்குது, எடிட்டர மூடித் தொறந்தா எந்திரிக்குது. பசங்க எல்லாம், தமிழ்ல எழுதுனா அப்படித்தான்டா, இங்கிலீஷ்ல மாத்திருங்கறாங்க. நெசமாங்ணா?"

பெருந்துறைப் பக்கம் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் அனுப்பிய குரல் பதிவு. நிரல் எழுதும்போது ஒரு பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்தால், அடுத்து என்ன வரலாம் என்று எடிட்டர் பட்டியல் காட்டும். அந்தப் பரிந்துரைதான் வரவில்லை என்கிறார். அவருடைய அப்பாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. மூட்டைக் கணக்குக்காகப் பையன் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதுகிறார். மாறிகளுக்கெல்லாம், அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களுக்கெல்லாம், எடை, தரம், விலை என்று தமிழிலேயே பெயர். தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் அப்பாவுக்கும் புரியட்டுமே என்பது எண்ணம். பைத்தான் 3 வெளிவந்த 2008இலிருந்தே இதற்கு அனுமதி உண்டு. ஆகவே பசங்க சொல்வது நெசமில்லை. ஆனால் எடிட்டர் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது ரொம்ப அழகான கதை.

முதலில் ஒன்று. நாம் எழுதும் எடிட்டருக்குப் பெரும்பாலும் பைத்தான் தெரியாது. விஎஸ் கோடு மாதிரியான எடிட்டர்கள் எழுத்தைக் காட்டும், நிறம் பூசும், சேமிக்கும். புள்ளிக்குப் பின்னால் என்ன வரலாம் என்று சொல்வது பின்னணியில் தனியாக ஓடும் இன்னொரு புரோகிராம். அதற்கு லாங்குவேஜ் சர்வர் என்று பெயர். இரண்டும் பேசிக்கொள்ளும் முறையை 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து அறிவித்தன. அதற்கு முன்னால் 20 எடிட்டரும் 30 மொழியும் இருந்தால் 600 இணைப்புகளைத் தனித்தனியாக எழுதியாக வேண்டும். பொதுப் பேச்சு முறை வந்தபின் 50 போதும்.

பேச்சு இப்படிப் போகும். கோப்பைத் திறந்ததும் எடிட்டர் முழு உரையையும் சர்வருக்கு அனுப்பிவிடும். அதன்பின் பொதுவாக மாற்றங்கள் மட்டும்: இந்த வரியில் இந்த இடத்தில் இதை அழித்தார், இதைச் சேர்த்தார். புள்ளி வைத்ததும் "இத்தனாவது வரி, இத்தனாவது இடம், என்ன வரலாம்?" என்று கேட்கும். சர்வர் தன் கையில் இருக்கும் பிரதியைப் பார்த்துப் பட்டியல் தரும். பரிந்துரை வரவில்லை என்றால் இந்தப் பேச்சு எங்கேயோ அறுந்திருக்கிறது. எங்கே என்று தேடுவதுதான் வேலை.

பலருக்கும் அது புதூர் சிக்கலாகத்தான் இருக்கும். கோவையில் பஸ் ஏறி "புதூர் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் புதூருங்க?" என்பார் கண்டக்டர். ஒண்டிப்புதூரா, பி.என்.புதூரா, கே.கே.புதூரா? கணினியிலும் பைத்தான் ஒன்றுக்கு இரண்டாக நிறுவப்பட்டிருக்கும். நீங்கள் ஒரு பைத்தானில் நூலகத்தை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, நிறுவியிருப்பீர்கள், சர்வர் இன்னொன்றில் போய்த் தேடும். புரோகிராம் ஓடும், ஆனால் நூலகத்தை அழைக்கும் இம்போர்ட் வரிக்கடியில் அலைகோடு நெளியும். எடிட்டரில் சரியான இன்டர்பிரெட்டரை, அதாவது நிரலை ஓட்டும் சரியான பைத்தானை, தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. அதேபோல், உங்கள் கோப்புக்கே ரேண்டம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே ரேண்டம் நூலகத்தை அழைத்தால், பைத்தான் பக்கத்துத் தெருப் புதூரில் இறங்கிவிடும். தன் கோப்புறையில்தான் அது முதலில் தேடும். அப்புறம், முழுக் கோப்புறையைத் திறக்காமல் ஒற்றைக் கோப்பை மட்டும் திறந்தால், மற்ற கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று சர்வருக்குத் தெரியாமல் போகலாம். இதையெல்லாம் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தம்பிக்கு இவை எதுவும் காரணமில்லை. இங்கிலீஷ் வரியில் ஒழுங்காக வருகிறது என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தை போதும். சரியான புதூருக்குத்தான் போகிறது. இறங்கிய பிறகுதான் வழி தவறுகிறது.

சர்வர் செய்யும் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. "மூட்டை." என்று எழுதி நிறுத்தினால் அது இலக்கணப்படி பிழையான நிரல். ஓடச் சொன்னால் பைத்தான் கத்திவிட்டு நின்றுவிடும். ஆனால் பரிந்துரை கேட்கும் நொடியில் நிரல் அநேகமாக அரைகுறையாகத்தான் இருக்கும். அதனால் சர்வர், புள்ளிக்குப் பின்னால் ஏதோ ஒரு பெயர் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு மீதியைப் படிக்கிறது. மூட்டை எந்த வகைப் பொருள் என்று மேலே போய்த் தேடி, எடை, தரம், விலை என்று பட்டியல் போடுகிறது. புள்ளி மேற்கோள் குறிக்குள் இருந்தால் மட்டும் வாயே திறக்காது. அது வெறும் உரை, வாக்கியத்தின் முற்றுப்புள்ளியாகக்கூட இருக்கலாம். இதை நினைவில் வையுங்கள்.

தம்பியிடம் சர்வரின் லாகைக் கேட்டேன். பலரும் திறந்தே பார்க்காத பலகை அது. எடிட்டரும் சர்வரும் பேசியதெல்லாம் அங்கே வரி வரியாகக் கிடக்கும். புள்ளி வைத்த நேரத்தில் எடிட்டர் அனுப்பிய கேள்வியில் இரண்டு எண்கள் இருந்தன: வரி 7, இடம் 24. இந்தப் பேச்சு முறையில் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும் என்பதால், அது நம் கண்ணுக்கு எட்டாவது வரி. அங்கே இருந்தது இதுதான்:

அச்சிடு("ஈரோடு", மூட்டை.

விரலை வைத்து எண்ணிப் பாருங்கள். அச்சிடு 4 எழுத்து, ஈரோடு 3, மூட்டை 3. அடைப்புக்குறி, இரண்டு மேற்கோள், காற்புள்ளி, இடைவெளி, புள்ளி என்று 6. மொத்தம் 16. எடிட்டர் 24 என்கிறது. எட்டு எங்கிருந்து வந்தது?

கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறை யூனிகோடு. அதில் உயிர்மெய் ஒரே எண்ணாக இருப்பதில்லை. மெய்யை அகரமேறிய வடிவில் வைத்து, பக்கத்தில் உயிர்க்குறியைத் தனி எண்ணாக வைக்கிறார்கள். ஈரோடு என்பது கணினிக்கு ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகாரக் குறி என்று ஐந்து. அச்சிடு ஏழு, மூட்டை ஆறு. கூட்டினால் 18, மற்றவை 6. ஆக 24. எடிட்டர் தவறு செய்யவில்லை.

ஆனால் சர்வரின் கையில் அதே வரி வேறு உருவத்தில் இருந்தது. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். யூனிகோடு 1991இல் வந்தபோது உலக எழுத்துகள் எல்லாம் 65,536 இடத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். எழுத்துக்கு 16 பிட், அதாவது பதினாறு 0 அல்லது 1. அதை நம்பி விண்டோஸ், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அந்தப் பாதையில் போய்விட்டன. இடம் போதவில்லை. 1996இல் இரண்டு 16 பிட் துண்டுகளைச் சேர்த்து ஒரே எழுத்தாக்கும் ஒட்டுவேலை வந்தது. இதுதான் யூடிஎஃப்-16. விஎஸ் கோடு ஜாவாஸ்கிரிப்ட் மேல் ஓடுவது, ஆகவே அது எண்ணுவது இந்தத் துண்டுகளை. நம் அன்றாடத் தமிழ் எழுத்துகள் எல்லாம் முதல் 65,536க்குள் இருப்பதால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு துண்டுதான். ஆனால் பாட்டன் காலத்து மண்டிக் கணக்கில் வரும் முந்திரி, அதாவது 320இல் ஒன்று என்ற பின்னக்குறி, 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அந்த 65,536க்கு வெளியில்தான் அதற்கு இடம் கிடைத்தது. அதனால் ஒற்றை முந்திரிக்கு இரண்டு துண்டு. எமோஜிகள் பெரும்பாலானவற்றுக்கும் அப்படியே.

இன்னொரு பாதை யூடிஎஃப்-8. 1992இல் கென் தாம்சன், ராப் பைக் இருவரும் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வரைந்து பார்த்தது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 8 பிட்; தமிழ்க் குறிக்கு மூன்று பைட். இன்றைய இணையம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. தம்பி பயன்படுத்திய சர்வரும் உரையை இப்படித்தான் வைத்திருந்தது. அதன் கணக்கில் ஈரோடு 15 பைட். அந்த வரி முழுக்க 18ஐ மூன்றால் பெருக்கி ஆறைக் கூட்டினால் 60.

கண்ணுக்கு 16, எடிட்டருக்கு 24, சர்வருக்கு 60. மண்டியில் ஒருவர் "இருபத்திநாலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். மூட்டையா, குவிண்டாலா? எடிட்டர் துண்டுக் கணக்கில் சொன்ன 24ஐ, சர்வர் பைட்டாக எடுத்துக்கொண்டது.

இப்போது அந்த 24ஆவது பைட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அச்சிடு 21 பைட். அடைப்புக்குறியோடு 22. மேற்கோளோடு 23. இருபத்திநாலாவது, ஈரோட்டின் ஈ எழுத்துக்கான மூன்று பைட்டில் முதலாவது. எடிட்டர் புள்ளிக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறது. சர்வரோ மேற்கோளுக்குள்ளே, ஒரு எழுத்தின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு யோசிக்கிறது. மேற்கோளுக்குள் இருக்கிறோமே என்று சில சர்வர்கள் பேசாமல் இருந்துவிடும். ரஸ்ட் மொழியில் எழுதியது என்றால் கதை வேறு. எழுத்தின் நடுவே உரையை வெட்டச் சொன்னால் ரஸ்ட் சம்மதிக்காது, அதை முன்கூட்டி யோசிக்காத புரோகிராம் அங்கேயே செத்து விழும். எடிட்டர் அதைத் திரும்ப எழுப்பும், தம்பி மறுபடி புள்ளி வைப்பார், மறுபடி விழும். 3 நிமிடத்துக்குள் 5 முறை விழுந்தால் இனி எழுப்ப மாட்டேன் என்று விஎஸ் கோடு கைவிட்டுவிடும். "எல்லாமே படுத்துக்குதுங்" என்றாரே, அது இதுதான். லாகின் கடைசியில் அந்த ஐந்து மரணங்களும் நேரத்தோடு பதிவாகியிருந்தன.

ஆங்கில வரியில் ஏன் வருகிறது என்பதும் இங்கே விளங்கிவிடும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து என்றால் ஒரு துண்டு, ஒரு பைட். எந்தக் கணக்கில் எண்ணினாலும் விடை ஒன்று. அந்த சர்வரை எழுதியவர் ஆயிரம் முறை சோதித்திருப்பார், ஆயிரமும் ஆங்கில வரி.

இந்தக் கணக்கு மாற்றங்களை அனுப்பும்போது பிசகினால் இன்னும் தொல்லை. சென்னிமலையில் தறிக்காரர் யாரையாவது கேளுங்கள்: ஓர் இழை தவறினால் அங்கிருந்து டிசைன் முழுக்கத் தள்ளிப்போகும். சர்வரின் பிரதியில் ஓர் அழிப்பு இடம் மாறி விழுந்தால், அதற்குப் பின் நம் திரையில் இருப்பதும் அதன் கையில் இருப்பதும் வேறு வேறு. சரியான வரிக்கடியில் சிவப்புக் கோடு நெளியும், அழித்த மாறியைப் பரிந்துரைக்கும். சர்வரை மறுபடி தொடங்கினால் முழு உரையும் புதிதாகப் போவதால் குணமாகும். எடிட்டரை மூடித் திறப்பது வேலை செய்வதன் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் விடுதிகளில் இது பரிகாரமாகிவிட்டது. மூன்று முறை மூடித் திற, நீட்டிப்புகளை எல்லாம் அழித்துத் திரும்பப் போடு, செட்டிங்ஸ் கோப்புறையையே தூக்கிக் கடாசு. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, நானும் வைக்கிறேன். லாகைப் படிக்காமல் செட்டிங்ஸை அழிப்பதற்கு அது எவ்வளவோ மேல். "தமிழ்ல எழுதுனா அப்படித்தான்" என்பது இந்த மூடநம்பிக்கைகளிலேயே மோசமானது. மற்றவை நேரத்தைத்தான் தின்னும். இது மொழியையே ஒதுங்கி நிற்கச் சொல்கிறது.

தீர்வு ஏற்கெனவே பேச்சு முறையிலேயே இருக்கிறது. 2022இல் வந்த 3.17 பதிப்பில், எடிட்டரும் சர்வரும் முதல் வணக்கம் சொல்லும்போதே எந்தக் கணக்கில் எண்ணுவது என்று பேசி முடிவு செய்துகொள்ளலாம். பேசாவிட்டால் யூடிஎஃப்-16 என்றே பொருள். தம்பியின் சர்வர் பேசவும் இல்லை, மாற்றிக் கணக்கிடவும் இல்லை.

2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது. அந்த ஆண்டு தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றுக்கொண்டது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண், ஈரோடு மூன்றேதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யூடிஎஃப்-8இல் வைத்தால் அந்த மூன்றும் ஒன்பது பைட். ஆக இந்தப் பிழை அப்போதும் இதே வேகத்தில் வந்திருக்கும். நம் ஊரில் தமிழ்க் கணினிக்கென்று ஒதுக்கும் பணம் மேடைக்கும் மலருக்கும் போகிற அளவுக்குச் சோதனைக்குப் போவதில்லை என்பது என் வயிற்றெரிச்சல். இரண்டு மாணவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுத்து, புழக்கத்திலுள்ள சர்வர் ஒவ்வொன்றிலும் தமிழ் வரியைப் போட்டுப் பார்த்து, உடைவதை எழுதியவர்களுக்குச் சொல்லச் சொன்னாலே போதும். அதற்கு அறிக்கை எழுதினால் கேட்பாரில்லை, நான் எழுதியிருக்கிறேன்.

தம்பியிடம் அந்த ஒற்றை வரியையும் லாகையும் வைத்து சர்வரை எழுதியவருக்கு ஒரு பிழை அறிக்கை அனுப்பச் சொன்னேன். இங்கிலீஷ் வராதுங்ணா என்றார். 16, 24, 60 என்று மூன்று எண்ணையும் எழுதுங்கள், புரிந்துவிடும் என்றேன். பதினோரு நாள் கழித்து மறுபடி ஒரு குரல் பதிவு:

"சரியாயிருச்சுங்ணா. அவங்க சோதனைக் கோப்புலயும் என்னோட வரியவே வெச்சுட்டாங்க. யாரு அந்த சர்வர ஓட்டிப் பாத்தாலும் இனி ஈரோட்டத் தாண்டித்தான் போகணுமுங். அப்பாகிட்டச் சொன்னேன். 'மஞ்சளையும் சேத்துப் போட்டுருக்கலாமில்ல'ங்கறாரு."