பாப்பா கை காலை ஆட்டுவது எப்படி இருக்கிறது?

தண்டையார்பேட்டையில் நான் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறேன். போன மாதம் ஓர் ஆயா, ஒன்றரை மாதப் பேத்தியோடு வந்தார். "உரம் விழுந்துடுச்சும்மா, கையும் காலும் தானா முறுக்குது" என்றார். புடவையில் போட்டு உருட்டியும் பார்த்தாயிற்றாம். கழுத்து நிற்காத குழந்தையை அப்படி உருட்டினால் தலைக்குள் ரத்தம் கசியலாம். தயவுசெய்து வேண்டாம்.

இறுக்கிச் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பாயில் கிடத்தினேன். உடம்பு முழுக்க நெளிந்தது. வேகம் ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது. பார்க்க அழகு!

யாரும் தொடாமல், எதையும் காட்டாமல் வரும் அசைவு இது. கர்ப்பத்தின் 9, 10 வாரங்களிலேயே தொடங்கிவிடும், அம்மாவுக்குத்தான் தெரியாது. குழந்தை எவ்வளவு அசைகிறது என்பதைவிட எப்படி அசைகிறது என்று பார்த்தால் நரம்பு மண்டலத்தின் நிலை தெரியும் என்று காட்டியவர், வியன்னாவில் பிறந்த, குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்த ஹைன்ஸ் பிரெக்டல்.

இந்த நெளிவு இரண்டு மாதவாக்கில் மறைந்து, கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் நாலா பக்கமும் சின்னச் சின்னதாகத் துருதுருக்கும். மூன்று மாதத்தில் இது நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்துக்குள் அடங்கிவிடும். குறைமாதக் குழந்தை என்றால் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். அந்தத் துருதுருப்பு இல்லாவிட்டாலோ, உடம்பு விறைத்து கை கால் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி, ஒரே நேரத்தில் தளர்ந்தாலோ, பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத நிலை, செரிப்ரல் பால்சி) வருமோ என்று யோசிக்க வேண்டும். 'வளர வளரச் சரியாயிடும்' என்று ஒரு வருடம் காத்திருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. பயிற்சி நன்றாகப் பலிக்கிற காலம் அதில் போய்விடுகிறது.

நடுக்கம் வேறு விஷயம். நடுங்கும் கையை மெதுவாகப் பிடியுங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. அடிக்கடி வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை குறைந்திருக்கலாம். பிடித்தும் துடிப்பு நிற்கவில்லை, கண் ஒரு பக்கம் செருகுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் வலிப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த ஆயாவிடம், பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன்: மல்லாக்கப் படுக்கவைத்து, கை கால் மறையாத மெல்லிய உடுப்போடு, விழித்திருக்கும்போது, அழாதபோது, ஐந்து நிமிடம், யாரும் கொஞ்சக் கூடாது. நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஐந்து நிமிடமும் ஆயா கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டே "சிரிடி தங்கம்" என்கிறார். மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.