ஒரே தரவு, வெவ்வேறு கெழுக்கள்

ஒரு விளைவைப் பல காரணிகளால் விளக்கும், ரிக்ரஷன் என்று வழங்கும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வை ஒரே தரவைக் கொண்டு இரண்டு மென்பொருள்களில் செய்து பார்ப்பவர்கள், விடைகளான கெழுக்கள் (ஒவ்வொரு காரணியும் ஓர் அலகு மாறும்போது விளைவு எவ்வளவு மாறும் என்று காட்டும் எண்கள்) ஒத்துப்போகாததைக் கண்டு முதலில் தங்கள் தரவையே சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் தரவில் குறை இருப்பதில்லை. கணக்கிடும் வழி வேறாக இருக்கலாம்; அதைவிட அடிக்கடி, நாம் சொல்லாமல் விட்டதை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் நிரப்பிக்கொண்டிருக்கும்.

கணக்கிடும் வழியால் எவ்வளவு கேடு விளையும் என்பதை, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் லாங்லி 1967-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1947 முதல் 1962 வரையிலான 16 ஆண்டுகளின் அமெரிக்க வேலைவாய்ப்பை விலைக் குறியீடு, மொத்த தேசிய உற்பத்தி, வேலையற்றோர், படையினர், மக்கள்தொகை, ஆண்டு ஆகிய ஆறு மாறிகளால் விளக்கும் கணக்கு அது. மேசைக் கால்குலேட்டரில் கையால் போட்ட விடையோடு ஒப்பிட்டபோது, அன்றைய கணினி நிரல்களில் சில முதல் இலக்கத்திலேயே தவறின. சிலவற்றில் கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறியிருந்தது.

அந்த மாறிகளில் பல ஆண்டுதோறும் சேர்ந்தே ஏறுபவை என்பதால், ஒன்றின் பங்கை மற்றொன்றிலிருந்து பிரிப்பது கடினம். உள்ளே நுழையும் சிறு பிழை விடையில் எத்தனை மடங்காகப் பெருகக்கூடும் என்பதை அளக்க ஓர் எண் உண்டு. லாங்லியின் தரவை அப்படியே எடுத்துக்கொண்டால் அது சுமார் 486 கோடி. கெழுக்களைக் காண்பதற்குப் பாடநூல்களில் உள்ள இயல்நிலைச் சமன்பாடுகளை அமைக்கும்போது தரவு அணியை, அதாவது எண் அட்டவணையை, அதனோடே பெருக்குவதால், அந்த எண்ணும் வர்க்கமாகி 10-இன் 19-ஆம் அடுக்கைத் தாண்டிவிடுகிறது. இன்றைய கணினி ஓர் எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களையே காப்பாற்றும் என்பதால், மோசமான நிலையில் ஓர் இலக்கத்தைக்கூட நம்ப முடியாது. அணியை வர்க்கமாக்காமல் நேரடியாகப் பிரிக்கும் க்யூ-ஆர் முறையில் இந்த இழப்பு இல்லை. எக்ஸெலில் ரிக்ரஷன் கணக்கிடும் லினெஸ்ட் சார்பு 2003 பதிப்பில்தான் இந்த முறைக்கு மாறியது. ஆண்டுக்கான கெழு 1829.15 என்பதை இன்றைய முதன்மை மென்பொருள்கள் எல்லாம் சரியாகவே தருகின்றன.

ஆனால் இன்று நம்மைக் குழப்பும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இத்தகையவை அல்ல. அ, ஆ, இ என மூன்று உரங்கள், அவற்றின் சராசரி விளைச்சல் முறையே 10, 14, 20 என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலுக்கான ஆர் மொழி முதல் வகையை அடிப்படையாகக் கொள்வதால் வெட்டுத்துண்டு (காரணிகள் எல்லாம் பூஜ்ஜியமாக இருக்கும்போது வரும் மதிப்பு; இங்கே அடிப்படை வகையின் சராசரி) 10, ‘ஆ’வின் கெழு 4, ‘இ’யின் கெழு 10 என்று வரும். சாஸ் மென்பொருளின் ஜி.எல்.எம். என்ற செயல்முறை கடைசி வகையை அடிப்படையாகக் கொள்வதால் வெட்டுத்துண்டு 20, ‘அ’வுக்கு −10, ‘ஆ’வுக்கு −6 என்று வரும். ஓர் எண்கூட ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே விடைதான், ஏனெனில் எந்த உரத்துக்கும் இரண்டும் ஒரே விளைச்சலையே கணிக்கின்றன. அதே சாஸில் லாஜிஸ்டிக் பகுப்பாய்வு (ஆம், இல்லை போன்ற இருவகை விளைவின் நிகழ்தகவைக் கணிப்பது) செய்யும்போது, 0, 1 எனக் குறித்த விளைவில் நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் 0-இன் நிகழ்தகவே கணிக்கப்படுவதால், எல்லாக் குறிகளும் தலைகீழாகத் தெரியும்.

இவற்றைவிட ஆபத்தானது, மாதிரியே மாறிப்போவது. பைத்தானின் சைகிட்-லேர்ன் நூலகம் லாஜிஸ்டிக் பகுப்பாய்வில், நாம் கேட்காமலேயே கெழுக்களைப் பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருக்கும் தண்டனை உறுப்பு ஒன்றைச் சேர்க்கிறது. கணிப்புக்கு அது நல்லதாக இருக்கலாம். ஒரு காரணியின் விளைவை அளக்க முனைபவருக்கு அது வேறு கேள்விக்கான விடை. பைத்தானின் மற்றொரு நூலகமான ஸ்டாட்ஸ்மாடல்ஸிலோ, சூத்திர வடிவில் எழுதாமல் அணியாகக் கொடுத்தால் வெட்டுத்துண்டை நாமே சேர்க்க வேண்டும். மறந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் சென்றுவிடும்.

கெழுக்கள் ஒத்திருந்து, அவற்றின் நிச்சயமின்மையைக் காட்டும் திட்டப் பிழைகள் மட்டும் வேறுபடுவதும் உண்டு. தரவின் சிதறல் சீராக இல்லாதபோது திட்டப் பிழையைச் சரிசெய்ய, ஸ்டேட்டா மென்பொருளின் ‘ரோபஸ்ட்’ தேர்வு எச்.சி.1 என்ற திருத்தத்தையும், ஆர் மொழியின் சாண்ட்விச் தொகுப்பு வேறு எதுவும் சொல்லாதபோது எச்.சி.3 என்ற திருத்தத்தையும் பயன்படுத்துகின்றன; தரவு சிறிதாக இருக்கும்போது இவற்றின் இடைவெளி நன்றாகவே தெரியும்.

ஆகவே இரண்டு வெளியீடுகள் முரண்பட்டால், விடுபட்ட மதிப்புகளால் நீக்கப்பட்ட வரிசைகள் போக எத்தனை வரிசைகள் எஞ்சின என்பதை முதலில் ஒப்பிட வேண்டும். அடுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் கணிக்கப்பட்ட மதிப்பை ஒப்பிட வேண்டும். கணிப்புகள் ஒன்றாக இருந்தால் வேறுபாடு குறியீட்டு முறையில் இருக்கிறது. அவையும் வேறுபட்டால் வெட்டுத்துண்டையும் தண்டனை உறுப்பையும், அதன் பிறகே இலக்கத் துல்லியத்தையும் ஆராய வேண்டும்.